வேலையிடத்தில் அடிபட்டால் இழப்பீடு: யார் தவறு என்று சட்டம் கேட்பதில்லை

இயந்திரத்தில் விரல் மாட்டிக்கொண்ட ஊழியரிடம் “இழப்பீடு கேட்டீர்களா?” என்று விசாரித்தால் அடிக்கடி வரும் பதில் இது: “நான்தான் கவனமில்லாமல் கையை விட்டுவிட்டேன். கம்பெனியிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?”

இந்தத் தயக்கத்தால் சட்டப்படி தமக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்காமலேயே ஊருக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் யார் மீது தவறு என்ற கேள்வியை எழுப்புவதே இல்லை. கவனக்குறைவு ஊழியருடையதாக இருக்கலாம், சக ஊழியருடையதாக இருக்கலாம், யாருடையதாகவும் இல்லாமலும் போகலாம். வேலை செய்யும்போது, வேலையின் காரணமாகக் காயம் ஏற்பட்டது என்பதைக் காட்டினால் போதும். முதலாளி இழப்பீடு தந்தாக வேண்டும்.

ஆனால் அந்த ஒன்றைக் காட்டியே ஆக வேண்டும். காயம் வேலையில் ஏற்பட்டதுதானா என்ற இடத்தில்தான் பல கோரிக்கைகள் சிக்கிக்கொள்கின்றன. அந்தச் சிக்கலைத் தவிர்க்க விபத்து நடந்த அன்றும் அதற்கடுத்த சில நாட்களிலும் செய்ய வேண்டியவை உண்டு. அவற்றை விட்டுவிட்டால் பிறகு சரிசெய்வது கடினம்.

யாருக்குப் பொருந்தும்

இப்போது நடப்பில் இருப்பது 2019-ல் நிறைவேறி, 2020 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம். அதிகாரிகளும் காப்புறுதி நிறுவனங்களும் அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ‘விக்கா’ என்பார்கள். வேலை ஒப்பந்தத்தின் கீழ் பணிபுரியும் அனைவரும் இதில் அடங்குவர். சம்பளம் எவ்வளவு, வயது என்ன, எந்த நாட்டவர், முழுநேரமா பகுதிநேரமா என்பதெல்லாம் பொருட்டல்ல. வேலை அனுமதியில் வந்த கட்டுமான ஊழியருக்கும், எஸ் பாஸில் இருப்பவருக்கும், உணவங்காடிக் கடையில் பகுதிநேரம் பாத்திரம் கழுவும் சிங்கப்பூர் மூதாட்டிக்கும் ஒரே சட்டம்தான்.

சொந்தத் தொழில் செய்பவர்களும், இல்லப் பணிப்பெண்களும், ராணுவம், போலிஸ் போன்ற சீருடைப் பிரிவினரும் இச்சட்டத்தில் வரமாட்டார்கள். இல்லப் பணிப்பெண்ணுக்கு முதலாளி தனியாக விபத்துக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். அதன் குறைந்தபட்சத் தொகை ஆண்டுக்கு 60,000 வெள்ளி. உணவு விநியோகம் செய்வோர், தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்கள் போன்ற இணையத்தள ஊழியர்களுக்கு நீண்டகாலம் இந்தப் பாதுகாப்பு இல்லாமல் இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அவர்களுக்கும் இதே அளவுப் பாதுகாப்பைத் தள நிறுவனங்கள் வழங்க வேண்டும்.

எது வேலையிட விபத்து என்பதில் பலருக்குத் தெரியாத ஒன்று, லாரிப் பயணம். தங்குவிடுதியிலிருந்து வேலையிடத்துக்கு நிறுவனம் ஏற்பாடு செய்த லாரியிலோ வேனிலோ போகும்போது விபத்து நடந்தால், அதுவும் வேலையில் நடந்ததாகவே கருதப்படும். அதே ஊழியர் சொந்தமாகப் பேருந்திலோ எம்ஆர்டியிலோ போகும்போது விழுந்தால் பொதுவாக இதில் வராது. உங்கள் நிறுவனம் இன்னொரு நிறுவனத்தின் தளத்துக்கு உங்களை அனுப்பி அங்கே அடிபட்டாலும், கோரிக்கை உங்கள் முதலாளியிடமிருந்தே தொடங்குகிறது. “அது எங்கள் சைட் இல்லை” என்ற பதில் செல்லாது.

மது அல்லது போதைப்பொருளின் பாதிப்பில் இருந்தபோது ஏற்பட்ட காயத்துக்கும், வேண்டுமென்றே தன்னைக் காயப்படுத்திக்கொண்டதற்கும் இழப்பீடு கிடையாது. கைகலப்பில் பட்ட அடிக்கும் பொதுவாகக் கிடையாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவோ சண்டையை விலக்கச் சொல்லி மேலாளர் அனுப்பியதாலோ நடுவில் போய் அடிபட்டவர் இதற்கு விதிவிலக்கு. விபத்து மட்டுமல்ல, வேலையால் வந்த நோயும் சட்டத்தில் உண்டு. இரைச்சல் மிகுந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்து காது மந்தமாவதும், ரசாயனம் பட்டுத் தோல்நோய் வருவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

முதல் நாள்

அடிபட்டதும் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள். சிறு காயம், நாளைக்குச் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். முதுகில் ‘பிடித்துக்கொண்டது’ என்று நினைத்தது ஒரு வாரத்தில் நடக்க முடியாத வலியாக மாறுவது உண்டு. அப்போது போய்ச் சொன்னால், “அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? அறையில் படியில் விழுந்திருப்பாய்” என்பார்கள். வாயால் சொல்வதோடு குறுஞ்செய்தியாகவும் அனுப்புவது நல்லது. “இன்று காலை 10 மணிக்கு மூன்றாம் மாடியில் சாரத்திலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டேன், வலது முழங்கால் வீங்கியிருக்கிறது” என்று வாட்ஸ்அப்பில் தமிழில் அனுப்பினாலும் அது ஒரு பதிவுதான். தேதியும் நேரமும் அதில் தானாகவே விழுந்துவிடும்.

இரண்டாவது, மருத்துவரிடம் என்ன சொல்கிறீர்கள் என்பது. காயம் எப்படி ஏற்பட்டது என்று மருத்துவர் கேட்பார். நீங்கள் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்வார். பிறகு சர்ச்சை வந்தால் எல்லாரும் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தக் குறிப்பைத்தான். கூட வந்த நிறுவன ஆள் உங்களுக்காகப் பேசி, “தங்குவிடுதியில் விழுந்துவிட்டார்” என்று சொல்லிவிட்டால் அதுவே பதிவாகிவிடும். ஆங்கிலம் வராவிட்டால் தமிழ் தெரிந்தவரைக் கேளுங்கள். பொது மருத்துவமனைகளில் தமிழ் பேசும் தாதியோ ஊழியரோ பெரும்பாலும் கிடைப்பார்கள். அதுவும் இல்லையென்றால் ‘வொர்க்’, ‘ஆக்சிடென்ட்’ என்ற இரண்டு சொற்களையாவது நீங்களே சொல்லிவிடுங்கள். வேலையிடத்தில், வேலை நேரத்தில், எந்த வேலையைச் செய்யும்போது என்ற மூன்றும் மருத்துவக் குறிப்பில் ஏற வேண்டும்.

சேர்த்து வைக்க வேண்டியவை அதிகமில்லை. விபத்து நடந்த இடத்தின் படம், காயத்தின் படம், பக்கத்தில் இருந்தவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும், மருத்துவ விடுப்புச் சான்றிதழ், மருத்துவமனை ரசீதுகள், டைம் கார்டு, சம்பளச் சீட்டு ஆகியவை போதும். அசல் எம்சியை நிறுவனத்திடம் கொடுக்கும் முன் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். பார்த்த சாட்சி உங்கள் அறைத்தோழராக இருந்தாலும் அவருடைய இந்திய எண்ணையும் வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அவர் ஊருக்குப் போயிருக்கலாம்.

நிறுவனத்தின் கடமை

வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு ஒரு நாள் மருத்துவ விடுப்பு கிடைத்தாலும், விடுப்பு இல்லாமல் ‘லைட் டியூட்டி’ எனப்படும் இலகு வேலை மட்டும் எழுதிக் கொடுக்கப்பட்டாலும், முதலாளி அதை 10 நாட்களுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். முன்பு 3 நாட்களுக்கு மேல் விடுப்பு கிடைத்தால்தான் தெரிவிக்கும் கட்டாயம் இருந்தது. அதனால் விடுப்பு மூன்று நாளைத் தாண்டக்கூடாது என்பதில் சில நிறுவனங்கள் அக்கறை காட்டின. இலகு வேலை என்று எழுதி வாங்கி, கட்டுப் போட்ட கையோடு ஊழியரை அலுவலக மூலையில் உட்கார வைத்த காலம் அது. 2020 செப்டம்பர் முதல் அந்த எல்லை எடுக்கப்பட்டுவிட்டது. இலகு வேலை நாட்களுக்கும் விபத்துக்கு முந்தைய சராசரி வருமானத்தை வைத்தே ஊதியம் கணக்கிடப்பட வேண்டும்.

இதில் மருத்துவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட கட்டுமான ஊழியர் ஒருவருக்கு 2 நாள் மட்டும் விடுப்புத் தந்து, பிறகு இலகு வேலைக்குத் தகுதி என்று எழுதிய அறுவை சிகிச்சை மருத்துவரை 2016-ல் உயர் நீதிமன்றம் 6 மாதம் இடைநீக்கம் செய்தது. நோயாளி ஓய்வெடுக்கப் போதுமான விடுப்பு தருவது சிகிச்சையின் ஒரு பகுதி; வேலையிடத்தில் உண்மையாகவே இலகு வேலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதும் மருத்துவரின் கடமை. அதனால் உங்களால் வேலை செய்ய முடியாத வலி இருந்தால், அங்கே உங்களுக்குத் தரப்போகும் வேலை என்ன என்பதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். மருத்துவர் எழுதுவது நிறுவன ஆளுக்காக அல்ல, உங்களுக்காக.

நிறுவனம் தெரிவிக்கவில்லை என்று சந்தேகம் வந்தால் காத்திருக்க வேண்டாம். ஊழியரே நேரடியாக மனிதவள அமைச்சிடம் கோரிக்கையைப் பதியலாம். தெரிவிக்கத் தவறும் முதலாளிக்கு முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். உடல் உழைப்பு வேலை செய்யும் எல்லா ஊழியருக்கும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், முதலாளி விபத்துக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். மற்ற வேலைகளில் மாதம் 2,600 வெள்ளி வரை வாங்குவோருக்கும் இது கட்டாயம். “காப்புறுதி எடுக்கவில்லையே” என்பது முதலாளிக்குச் சாக்காக ஆகாது. காப்புறுதி இல்லாவிட்டால் தன் கைப்பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். காப்புறுதிச் சந்தாவையோ மருத்துவச் செலவையோ ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கவும் முடியாது.

என்னென்ன கிடைக்கும்

மூன்று வகைப் பணம் உண்டு. அவற்றைத் தனித்தனியாகப் புரிந்துகொள்வது முக்கியம். ஏனென்றால் முதல் இரண்டையும் கொடுத்துவிட்டு, மூன்றாவது என்று ஒன்று இருப்பதையே சொல்லாத நிறுவனங்கள் உண்டு.

முதலாவது, விடுப்புக் கால ஊதியம். வெளிநோயாளி விடுப்பு என்றால் முதல் 14 நாட்களுக்கும், மருத்துவமனை விடுப்பு என்றால் முதல் 60 நாட்களுக்கும் முழுச் சராசரி வருமானம் கிடைக்கும். மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்த நாட்கள் மட்டுமே அந்த 60 என்று நினைக்க வேண்டாம். அறைக்குத் திரும்பிய பின்னும் மருத்துவர் மருத்துவமனை விடுப்பு என்று சான்றளித்தால் அதுவும் சேரும். அந்த எண்ணிக்கையைத் தாண்டிய நாட்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. மாதம் 1,200 வெள்ளி சராசரி என்றால் பிந்தைய காலத்துக்கு மாதம் 800 வெள்ளி வரும். விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடம் வரை இது உண்டு. வழக்கமான சம்பள நாளிலேயே இதைக் கொடுக்க வேண்டும். இழப்பீடு முடிவாகும்வரை நிறுத்தி வைக்க முடியாது.

இரண்டாவது, மருத்துவச் செலவு. 2025 நவம்பர் 1-ஆம் தேதியும் அதற்குப் பிறகும் நடந்த விபத்துகளுக்கு 53,000 வெள்ளி வரை, அல்லது விபத்திலிருந்து ஒரு வருடம் வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை முதலாளி ஏற்க வேண்டும். அதற்கு முந்தைய விபத்துகளுக்கு உச்சவரம்பு 45,000 வெள்ளி. அறுவை சிகிச்சை, படுக்கைக் கட்டணம், மருந்து, உடற்பயிற்சிச் சிகிச்சை, செயற்கைக் கை கால் எல்லாம் இதில் அடங்கும். பல மாத உடற்பயிற்சிச் சிகிச்சையை நடுவில் விட்டுவிடுபவர்கள் அதிகம். கை விரல் மடங்குவதும் நிமிர்வதும் அந்தச் சிகிச்சையில்தான் இருக்கிறது. மேலும், சிகிச்சைக்கு ஒழுங்காகப் போகாதவரின் கோரிக்கையில் அதையே காட்டி எதிர்த்தரப்பு கேள்வி எழுப்பலாம்.

மூன்றாவது, நிரந்தரப் பாதிப்புக்கான மொத்தத் தொகை. விரல் போனது, பார்வை குறைந்தது, தோள்பட்டையைப் பழையபடி தூக்க முடியவில்லை என்பன போன்ற, சிகிச்சைக்குப் பிறகும் தங்கிவிடும் குறைக்கு உரியது இது. மருத்துவர் அதை விழுக்காட்டில் கணக்கிடுவார். அதற்கென்று அமைச்சின் வழிகாட்டி நூல் ஒன்று இருக்கிறது. பிறகு கணக்கு எளிது. சராசரி மாத வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கி, வரும் தொகையில் பாதிப்பு விழுக்காட்டை எடுப்பார்கள். அடுத்த பிறந்தநாளில் 40 அல்லது அதற்குக் கீழ் என்றால் அந்த எண் 181. வயது கூடக் கூட அது குறைந்து, 66-லும் அதற்கு மேலும் 72 ஆகிறது. முழுப் பாதிப்புக்குத் தரப்படும் தொகைக்கு மேல் வரம்பும் கீழ் வரம்பும் உண்டு. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு அவை 346,000 வெள்ளியும் 116,000 வெள்ளியும் ஆகும். அதற்கு முன் 289,000, 97,000 என இருந்தன. எந்த வரம்பு பொருந்தும் என்பதை விபத்து நடந்த தேதி முடிவு செய்கிறது, பணம் வரும் தேதி அல்ல.

இங்கேதான் சம்பளச் சீட்டின் அருமை தெரியும். 32 வயது ஊழியர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 600 வெள்ளி. ஆனால் மிகைநேர வேலையையும் சேர்த்து முந்தைய 12 மாதங்களில் அவர் சராசரியாக மாதம் 1,000 வெள்ளி வாங்கியிருக்கிறார். பாதிப்பு 10 விழுக்காடு. 1,000-ஐ 181-ஆல் பெருக்கினால் 181,000; அதில் 10 விழுக்காடு 18,100 வெள்ளி. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 108,600 என்று வரும். அது கீழ் வரம்பைவிடக் குறைவு என்பதால் 116,000 என்று எடுத்துக்கொண்டு 11,600 வெள்ளி கொடுப்பார்கள். இடையில் உள்ள வித்தியாசம் 6,500 வெள்ளி. மிகைநேர வேலைக்கான ஊதியம் சட்டப்படி சராசரியில் சேர வேண்டும். போக்குவரத்துப் படியும் முதலாளி செலுத்தும் மத்திய சேமநிதிச் சந்தாவும் சேரா. ஓராண்டுகூட ஆகாத புதியவர் என்றால் வேலை செய்த காலத்துக்கு மட்டும் சராசரி பார்ப்பார்கள். விவரங்களுடன் கூடிய சம்பளச் சீட்டு தருவது 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். ஒவ்வொரு மாதமும் அதைப் படம் எடுத்துச் சேமித்து வைத்தவருக்கு இந்தக் கணக்கில் யாரிடமும் வாதாட வேண்டியிராது.

முழுமையாக, அதாவது 100 விழுக்காடு பாதிக்கப்பட்டவருக்கு, பராமரிப்புச் செலவுக்காக இழப்பீட்டில் மேலும் 25 விழுக்காடு சேர்த்துத் தரப்படும்.

ஊழியர் இறந்துவிட்டால்

இதை எழுதுவது எளிதல்ல. ஆனால் இந்தப் பகுதியைத்தான் ஊரில் இருக்கும் குடும்பத்தினர் தெரிந்துகொள்ள வேண்டும். இறப்புக்கான பெருக்கல் எண் 40 வயது வரை 136. மாதம் 1,000 வெள்ளி வாங்கியவருக்கு 136,000 வெள்ளி. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு மேல் வரம்பு 269,000 வெள்ளி, கீழ் வரம்பு 91,000 வெள்ளி. அதற்கு முந்தையவற்றுக்கு 225,000, 76,000. குடும்பத்தார் சிங்கப்பூரில் வசிக்க வேண்டியதில்லை. தஞ்சாவூரிலோ சிவகங்கையிலோ இருக்கும் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் உரிமை கோரலாம். நிறுவனத்தார் துக்கம் கேட்க வரும்போது கொடுக்கும் உதவித்தொகை வேறு, இந்த இழப்பீடு வேறு. உடலை ஊருக்கு அனுப்பும் அவசரத்தில் புரியாத தாள்களில் யாரும் கையெழுத்திட வேண்டாம். திருமணச் சான்று, வாரிசுச் சான்று, பிறப்புச் சான்று ஆகியவற்றை ஊரில் வாங்குவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் உடனே தொடங்குவது நல்லது.

கோரிக்கை நகரும் விதம்

விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கோரிக்கை பதிவாகியிருக்க வேண்டும். தொழில்நோய் என்றால் நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்து ஒரு வருடம். “எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்ற நிறுவனத்தின் வாய்மொழியை மட்டும் நம்பாதீர்கள். கோரிக்கை எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள். எண் இல்லை என்றால் கோரிக்கை பதியப்படவில்லை என்றே எடுத்துக்கொண்டு அமைச்சிடம் விசாரியுங்கள்.

காப்புறுதி இருக்கும் இடத்தில் கோரிக்கையைப் பரிசீலிப்பது காப்புறுதி நிறுவனம். மருத்துவமனை உங்களை நிரந்தரப் பாதிப்பு மதிப்பீட்டுக்கு அழைக்கும். அந்த நாளைத் தவற விடாதீர்கள். மதிப்பீட்டின்போது வலியைக் கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். “பரவாயில்லை டாக்டர்” என்று பணிவாகச் சொல்லிப் பழகியவர்கள் நாம். மதிப்பீட்டு அறையில் அந்தப் பணிவுக்கு விலை உண்டு. குளிரில் விரல் மரத்துப்போகிறது, சுத்தியலைப் பிடித்தால் பத்து நிமிடத்தில் நழுவுகிறது, வாளியைத் தூக்க முடியவில்லை என்று செய்ய முடியாத செயல்களாகவே சொல்லுங்கள்.

அதன்பின் தொகையைக் குறிப்பிட்டு ஓர் அறிவிப்பு வரும். மூன்று இடங்களைச் சரிபாருங்கள்: சராசரி வருமானம், பாதிப்பு விழுக்காடு, வயது. ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். கெடு போனால் அந்தத் தொகையே இறுதி. விழுக்காட்டை எதிர்த்தால் மருத்துவக் குழு மறுபடியும் பார்க்கும். அது கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம் என்பதை மனத்தில் வைத்து முடிவெடுங்கள். மற்ற சர்ச்சைகளுக்கு அமைச்சில் விசாரணை நடக்கும். இதற்கெல்லாம் வழக்கறிஞர் கட்டாயம் இல்லை.

வழக்குப் போடலாமா

இந்தச் சட்டத்தை விட்டுவிட்டு, முதலாளியின் கவனக்குறைவால்தான் காயம் ஏற்பட்டது என்று நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கவும் வழி உண்டு. அங்கே உச்சவரம்பு இல்லை. வலிக்கும் வேதனைக்கும், வருங்கால வருமான இழப்புக்கும் சேர்த்துக் கேட்கலாம். ஆனால் அங்கே “யார் தவறு” என்ற கேள்வி திரும்பி வந்துவிடுகிறது. பாதுகாப்பு வார் தரவில்லை, இயந்திரத்துக்குத் தடுப்பு இல்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். உங்கள் பங்குத் தவறு எவ்வளவோ அந்த அளவுக்குத் தொகை குறையும். வழக்கறிஞர் செலவும் காலமும் ஆகும். தோற்றால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். வழக்குத் தொடுக்கச் சட்டம் தரும் காலம் 3 ஆண்டு.

இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் பணம் வாங்க முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இழப்பீட்டுச் சட்டத்தில் தொகை முடிவாகிப் பெற்றுக்கொண்டால் வழக்குக் கதவு மூடிவிடும். காயம் மிகக் கடுமையாகவும், நிறுவனத்தின் தவறு வெளிப்படையாகவும், அதற்குச் சாட்சியும் இருந்தால் மட்டும், அறிவிப்பை ஏற்கும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் ஆலோசனை கேட்பது பொருத்தம். மற்றபடி பெரும்பாலான ஊழியருக்கு விக்கா வழியே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

தங்குவிடுதி வாசலிலும் லிட்டில் இந்தியாவிலும் “எனக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார், ஐம்பதாயிரம் வாங்கித் தருவார்” என்று நெருங்கும் ஆட்களிடம் எச்சரிக்கை வேண்டும். ஆள் பிடித்துக் கொடுத்துத் தரகு வாங்குவதும், கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை பங்கு என்று வழக்கறிஞர் பேசிக்கொள்வதும் சட்டத்துக்குப் புறம்பானவை. உங்களுக்குப் புரியாமலேயே விக்கா கோரிக்கையை மீட்டுக்கொள்ளும் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால், எளிதாகக் கிடைக்க வேண்டியதை விட்டுவிட்டு நிச்சயமில்லாத வழக்கில் நிற்க நேரிடும்.

பெர்மிட் ரத்தானால்

வெளிநாட்டு ஊழியர்களை வாய்மூட வைப்பது இந்தப் பயம்தான். புகார் சொன்னால் பெர்மிட்டை ரத்து செய்து அனுப்பிவிடுவார்கள், ஏஜென்டுக்குக் கொடுத்த கடன் அப்படியே நிற்கும். பெர்மிட் ரத்தாகலாம் என்பது உண்மை. அதனால் இழப்பீட்டு உரிமை ரத்தாவதில்லை. கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது சிகிச்சைக்காகவும் விசாரணைக்காகவும் இங்கேயே தங்க மனிதவள அமைச்சு ‘ஸ்பெஷல் பாஸ்’ வழங்க முடியும். அமைச்சு அனுமதிக்காமல் அந்தப் பாஸை வைத்து வேலை செய்யக்கூடாது. செய்தால் கோரிக்கையைவிடப் பெரிய சிக்கல் வரும். ஊருக்கு அனுப்பும்வரை உணவும் தங்குமிடமும் தரும் பொறுப்பு முதலாளியுடையது. வேலை அனுமதி ஊழியருக்காக முதலாளி எடுத்திருக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி, விபத்துக் காப்புறுதியிலிருந்து வேறானது. 2023 ஜூலை முதல் அதன் குறைந்தபட்ச வரம்பு ஆண்டுக்கு 60,000 வெள்ளி.

விருப்பம் இல்லாமல் விமான நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டால், குடிநுழைவு முகப்பில் இருக்கும் அதிகாரியிடம், வேலையில் அடிபட்டதற்கான கோரிக்கை முடியவில்லை என்று சொல்லுங்கள். கடப்பிதழை நீட்டும் அந்த இடத்தில் நிறுவன ஆள் உங்கள் பக்கத்தில் நிற்க முடியாது. ஏற்கனவே ஊருக்குப் போய்விட்டவர்களும் ஒரு வருடக் கெடு முடியாதவரை கோரிக்கையைப் பதியலாம். சிங்கப்பூர் மருத்துவமனைக் குறிப்புகளும் எம்சி படங்களும் கைப்பேசியில் இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

உதவிக்கு

மனிதவள அமைச்சின் தொலைபேசி எண் 6438 5122. நேரில் போக வேண்டுமென்றால் அதன் சேவை நிலையம் பெண்டமியர் சாலை 1500-ல் இருக்கிறது; முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணிநேர எண் 6536 2692. டிடபிள்யூசி2 எனப்படும் தொண்டு அமைப்பின் கட்டணமில்லா எண் 1800 888 1515. ஹோம், ஹெல்த்சர்வ் ஆகிய அமைப்புகளும் அடிபட்ட ஊழியருக்கு உதவுகின்றன. இவர்களிடம் போகும்போது வேலை அனுமதி அட்டை அல்லது அதன் படம், விபத்து நடந்த தேதி, எம்சி, கிடைத்த சம்பளச் சீட்டுகள், வேலைக்கு வருமுன் அமைச்சு அனுப்பிய அனுமதிக் கடிதம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். எல்லாம் இல்லையென்று போகாமல் இருந்துவிடாதீர்கள். கையில் இருப்பதைக் கொண்டு போனால், விடுபட்டதை எங்கே வாங்கலாம் என்று அவர்களே சொல்வார்கள்.